தாதிமைப் பட்டம்: கட்டணத்தைக் கேட்கும் முன் பதிவைக் கேளுங்கள்

தாதிமைப் படிப்பைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறு இந்த இதழில் இடம்பெறுகின்றன. ‘எது மலிவு?’ என்ற கேள்வியே எல்லாவற்றிலும் முதலில் நிற்கிறது. எங்கள் பதில்கள் வேறோர் இடத்திலிருந்து தொடங்குகின்றன. அதற்கான காரணம் முதல் பதிலிலேயே இருக்கிறது.

கேள்வி: மகள் மேல்நிலைத் தேர்வை முடித்துவிட்டாள். தாதியாகத்தான் வேலை செய்வேன் என்கிறாள். வீட்டில் என் ஒருத்தியின் சம்பளம்தான். பல்கலைக்கழகமா, பலதுறைத் தொழிற்கல்லூரியா, தனியார் கல்லூரியா? தரமும் வேண்டும், கையையும் கடிக்கக் கூடாது.
— ஒரு தாயார், ஈசூன்

பதில்: எந்தக் கல்லூரிக்குப் போனாலும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: “இதை முடித்தால் என் மகள் சிங்கப்பூர்த் தாதியர் வாரியத்தில் பதிவுபெற்ற தாதியாகப் பதிந்துகொள்ளலாமா?” அந்தப் பதிவும் பணிச் சான்றிதழும் இல்லாமல் இங்கே யாரும் தாதியாக வேலை செய்ய முடியாது. ‘ஆமாம்’ என்ற பதில் எழுத்தில் வராத படிப்பு, எவ்வளவு மலிவாக இருந்தாலும் உங்கள் மகளுக்கு வீண்செலவு.

பள்ளிப்படிப்பை முடித்தவரைத் தாதியாகப் பயிற்றுவிக்கும் பட்டப்படிப்பு என்றால், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆலிஸ் லீ தாதிமைக் கல்வி நிலையத்தையும் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தையும் பாருங்கள். ஆலிஸ் லீ நிலையத்தில் முதல் மாணவர்கள் சேர்ந்தது 2006-இல். பட்டயம் என்றால் ஆங் மோ கியோவில் உள்ள நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியும் கிளமெண்டியில் உள்ள நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியும் இருக்கின்றன. தனியார் கல்லூரிகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் தாதிமைப் பட்டங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பதிவுபெற்ற தாதியருக்கானவை. பள்ளியிலிருந்து நேராக வருபவருக்கு அங்கே இடம் கிடைக்காது. அதற்குப் பதிலாக ‘சுகாதார அறிவியல்’ பட்டத்தில் சேரச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால் ஏற்க வேண்டாம். அதைப் படித்துத் தாதியாகப் பதிய முடியாது.

மூன்றாண்டுப் பட்டயம் முடித்தவரும் பட்டம் முடித்தவரும் ஒரே பதிவைத்தான் பெறுகிறார்கள். பல பெற்றோருக்கு இது தெரிவதில்லை. வார்டில் இருவரும் பதிவுபெற்ற தாதியரே. தொடக்கச் சம்பளம் பட்டதாரிக்குக் கூடுதல். பிறகு உயர்நிலைத் தாதியாக முதுநிலைப் படிப்புக்குப் போகவும், கற்பித்தல் ஆராய்ச்சிப் பக்கம் நகரவும் பட்டம் தேவைப்படும்.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்குக் கல்வி அமைச்சின் கட்டண மானியம் தானாகவே கிடைக்கும். அதற்காகத் தாதிமை மாணவர்கள் பாண்டு (குறிப்பிட்ட ஆண்டுகள் வேலை செய்வதாக உறுதியளிக்கும் ஒப்பந்தம்) எழுதித்தர வேண்டியதில்லை. மானியம் போகப் பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு ஆண்டுக்குச் சுமார் 3,000 வெள்ளி ஆகும். பல்கலைக்கழகத்துக்கு ஏறக்குறைய அதைப்போல் மூன்று மடங்கு. இந்த எண்களை மட்டும் பார்த்தால் பட்டயம்தான் சரி என்று தோன்றும். ஆனால் உங்கள் மகள் மேல்நிலைப் படிப்பில் ஏற்கெனவே இரண்டு ஆண்டுகளைச் செலவிட்டிருக்கிறார். இனி மூன்றாண்டுப் பட்டயமும் அதற்குமேல் ஒரு பட்டமும் படித்தால் முழுச் சம்பளம் வாங்கும் நாள் தள்ளிப்போகும். மதிப்பெண் இடம் கொடுத்தால் நேராகப் பட்டத்துக்கே விண்ணப்பிக்கட்டும். கிடைக்காவிட்டால் பட்டயத்தில் சேர்வதால் எந்தக் குறையும் இல்லை. சாதாரண நிலை (‘ஓ’ நிலை) தேர்வோடு நிற்கும் பிள்ளைக்கு இதே கேள்வி வந்திருந்தால், பட்டயம், வேலை, பிறகு மருத்துவமனை செலவில் பட்டம் என்ற வரிசையையே சொல்லியிருப்போம். செலவு மிகக் குறைவான வழி அதுதான்.

விண்ணப்பிக்கும்போதே இன்னும் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். முதலாவது, உபகாரச் சம்பளம். பொதுச் சுகாதாரத் துறைக்கான உபகாரச் சம்பளங்களைச் சுகாதார அமைச்சின் எம்ஓஎச் ஹோல்டிங்ஸ் நிறுவனம் வழங்குகிறது. சிங்ஹெல்த், என்எச்ஜி ஹெல்த் (முன்பு தேசியச் சுகாதாரப் பராமரிப்புக் குழுமம்), தேசியப் பல்கலைக்கழகச் சுகாதாரக் கட்டமைப்பு ஆகிய மூன்று குழுமங்களும் தாதிமை மாணவர்களுக்கு ஆதரவளிக்கின்றன. கட்டணத்தோடு மாதப்படியும் கிடைக்கலாம், பதிலுக்குப் பாண்டு உண்டு. இரண்டாவது, கல்வி உதவிநிதி. குடும்ப மொத்த வருமானத்தை வீட்டில் இருப்போர் எண்ணிக்கையால் வகுத்துவரும் தலா வருமானத்தை வைத்தே அதை முடிவு செய்கிறார்கள். உங்களுடன் வசிக்கும் தாத்தா பாட்டியின் பெயரை விட்டுவிட்டால் அந்த எண் கூடித் தகுதி போய்விடும். அரசாங்க உதவிநிதி தவிர, சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் உதவிநிதிக்கும் விண்ணப்பியுங்கள்.

தடுப்பூசியை மறந்துவிட்டுத் திண்டாடும் மாணவர்கள் நிறையப் பேர். வார்டுக்குள் அனுப்பும் முன் ஹெப்படைட்டிஸ் பி, தட்டம்மை, சின்னம்மை ஆகியவற்றுக்கு எதிர்ப்புச்சக்தி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஹெப்படைட்டிஸ் பி ஊசி மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. குழந்தையில் போட்டது வளர்ந்தபின் ரத்தப் பரிசோதனையில் போதாமல் போவது சாதாரணம். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்தபின் தொடங்கினால் முதல் மருத்துவமனைப் பயிற்சிக்குள் முடிக்க நேரம் இருக்காது. அரசாங்கச் சுகாதாரத் தளமான ஹெல்த்ஹப்பில் மகளின் தடுப்பூசிப் பதிவை இப்போதே பாருங்கள். வண்ணப் பார்வை, செவித்திறன், வலிப்பு போன்றவற்றில் ஏதேனும் சிக்கல் இருந்தால் விண்ணப்பத்துக்கு முன்பே கல்லூரியிடம் கேட்டுவிடுவது நல்லது.

பொது வரவேற்பு நாளில் தரத்தை அறியக் கட்டடத்தைப் பார்த்துப் பயனில்லை. மொத்தம் எத்தனை வாரம் வார்டுப் பயிற்சி? எந்தெந்த மருத்துவமனைகளில்? ஒரு பயிற்றுநரின்கீழ் எத்தனை மாணவர்கள்? மனநலம், குழந்தை நலம், மகப்பேறு, சமூகப் பராமரிப்பு எல்லாவற்றிலும் நேரடிப் பயிற்சி உண்டா, சிலவற்றுக்குச் செயற்கை வார்டு மட்டும்தானா? இந்தக் கேள்விகளை இரண்டாம் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடமும் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பட்டயம் பெற்ற தாதி நான். நான்கு ஆண்டாக வார்டில் இருக்கிறேன். மருத்துவமனை பட்டப்படிப்புக்கு அனுப்புவதாகச் சொல்கிறது, ஆனால் பாண்டு உண்டு. தனியார் கல்லூரியில் பகுதிநேரமாகப் படித்தால் பாண்டு இல்லை, செலவு என்னுடையது. எது மேல்?
— வாசகி, தெம்பனிஸ்

பதில்: பாண்டைக் கண்டு அஞ்சும் பலர், இன்னும் மூன்று ஆண்டு அதே மருத்துவமனையில் எப்படியும் இருக்கப்போகிறவர்கள்தான். நீங்கள் அப்படியென்றால் பாண்டு உங்களிடமிருந்து எதையும் பறிப்பதில்லை. கட்டணம் மிச்சம். படிக்கும் காலத்தில் சம்பளம் தொடர்ந்தால் அது இன்னும் பெரிய மிச்சம். முழுநேரமாகப் படிப்பவருக்குக் கைவிட்டுப்போகும் சம்பளம் பெரும்பாலும் கட்டணத்தைவிட அதிகம். அதைக் கணக்கில் சேர்க்காமல் இரண்டையும் ஒப்பிட முடியாது.

கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் சில இடங்களை நிதானமாகப் படியுங்கள். பாண்டு எந்த நாளில் தொடங்குகிறது? படிப்பு முடிந்த நாளிலா, வேலைக்குத் திரும்பிய நாளிலா? பட்டயத்துக்கு வாங்கிய பழைய பாண்டு மீதம் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுமா, ஒன்று முடிந்தபின் மற்றொன்றா? ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் எண்ணியதைவிடப் பல ஆண்டுகள் கட்டுப்பட நேரலாம். சம்பளமில்லா விடுப்பும் பிள்ளைப்பேற்றுக்குப் பிந்தைய நீண்ட விடுப்பும் பாண்டுக் காலத்தில் சேர்கின்றனவா? இடையில் விலகினால் கட்டணத்தை மட்டும் திருப்பித் தர வேண்டுமா, படிக்கும்போது கொடுத்த சம்பளத்தையும் வட்டியையுமா? முடித்த ஆண்டுகளுக்கு ஏற்ப அந்தத் தொகை குறையுமா? ஒரு பாடத்தில் தோற்றால் மறுமுறை படிக்கும் கட்டணம் யார் பொறுப்பு? அதே குழுமத்தின் வேறு மருத்துவமனைக்கு மாறினால் பாண்டு கூடவே வருமா? மனிதவளப் பிரிவிடம் வாய்மொழியாகக் கேட்டுத் திருப்தி அடைய வேண்டாம், மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள்.

மருத்துவமனையை விட்டுக் கிளம்புவது உறுதி, அல்லது வெளிநாடு போகும் திட்டம் இருக்கிறது என்றால் தனியார் வழி பொருந்தும். அங்கே கட்டண மானியம் இல்லை, மத்திய சேம நிதியிலிருந்தும் (சிபிஎஃப்) கட்ட முடியாது என்பதை மனத்தில் வையுங்கள். கல்லூரிக்குத் தனியார் கல்லூரிகளின் தரத்துக்கான எடுடிரஸ்ட் சான்றிதழ் இருக்கிறதா, அது எந்த ஆண்டுவரை என்று ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் அமைப்பின் இணையத்தளத்தில் பாருங்கள். நீங்கள் சேரும் அந்தப் படிப்பே அங்கு அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இருக்க வேண்டும், கல்லூரியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. கட்டணப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் உங்கள் பணம் காப்புறுதி செய்யப்படுகிறதா என்று கேளுங்கள். மாணவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின் 7 வேலைநாள் அவகாசம் உண்டு, அதற்குள் மனம் மாறினால் விலகலாம். ‘இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி’ என்ற அவசரத்துக்கு இடம்கொடுக்க வேண்டாம்.

பணம் கட்டும் முன் உங்கள் மருத்துவமனையிடம் ஒன்றைக் கேளுங்கள்: இந்தப் பட்டத்தைச் சம்பள நிலைக்கு ஏற்பீர்களா, எந்த மாதத்திலிருந்து? ஏற்காத பட்டத்தை முடித்துவிட்டு அதே சம்பளத்தில் தொடரும் நிலை வேண்டாம்.

பகுதிநேரப் படிப்பில் பலர் சறுக்குவது முதல் பருவத்தில்தான். மருத்துவப் பாடங்கள் அவர்களுக்குக் கடினமாக இருப்பதில்லை. ஆராய்ச்சி முறை, புள்ளியியல், மேற்கோளிட்டு எழுதும் ஆங்கிலக் கட்டுரை, இவைதான் சோதிக்கும். வெளிநாட்டு விரிவுரையாளர் பறந்துவந்து சில நாள் தொடர்ச்சியாக வகுப்பெடுக்கும் முறை என்றால் அந்தத் தேதிகளை முன்கூட்டியே வாங்கி, பணிப்பட்டியல் போடும் மூத்த தாதியிடம் கொடுத்துவிடுங்கள். இரவுப் பணி முடித்த காலையில் புள்ளியியல் வகுப்பில் உட்காருவது நீடிக்காது.

உங்களுக்கு வேண்டியது தீவிர சிகிச்சை போன்ற ஒரு பிரிவில் ஆழ்ந்த திறன் என்றால், பட்டத்துக்கு முன் மேல்நிலைப் பட்டயத்தையும் பரிசீலியுங்கள். காலமும் செலவும் குறைவு, கற்றதை மறுநாளே வார்டில் பயன்படுத்தலாம்.

கேள்வி: மகனின் பட்டப்படிப்புக்கு என் மத்திய சேம நிதியிலிருந்து எடுப்பதா, வங்கி வழியாகக் கட்டணக் கடன் வாங்குவதா?
— ஒரு தந்தை, சுவா சூ காங்

பதில்: இரண்டும் கடன்தான். சேம நிதியிலிருந்து எடுத்தால் அது உங்கள் பணம், வட்டி இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். சேம நிதியின் சாதாரணக் கணக்கிலிருந்து பணம் எடுத்த நாள் முதலே 2.5 விழுக்காட்டு வட்டி ஏறத் தொடங்கும். மகன் அதை வட்டியோடு உங்கள் கணக்கில் ரொக்கமாகத் திருப்பிக் கட்ட வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டில் தொடங்கி அதிகபட்சம் 12 ஆண்டு. எடுக்கும் தொகைக்கும் வரம்பு உண்டு, சாதாரணக் கணக்கில் சேர்ந்த தொகையில் 40 விழுக்காடு.

கட்டணக் கடன் பல்கலைக்கழகத்தில் கட்டணத்தின் 90 விழுக்காடு வரை கிடைக்கும். படிக்கும் காலத்தில் வட்டி கிடையாது. முடித்தபின் சந்தை நிலவரத்தை ஒட்டி வட்டி ஓடும். அது பொதுவாக 2.5 விழுக்காட்டைவிடக் கூடுதல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 9,000 வெள்ளி வீதம் நான்கு ஆண்டுக்குச் சேம நிதியிலிருந்து எடுத்தால், மகன் கட்டத் தொடங்கும் நேரத்தில் 36,000 வெள்ளியோடு ஏறக்குறைய 3,250 வெள்ளி வட்டியும் சேர்ந்திருக்கும். கட்டணக் கடனில் படிக்கும் நான்கு ஆண்டும் வட்டியின்றிக் கழியும். ஆகவே வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டில் அடைத்துவிடுவார் என்றால் கட்டணக் கடன் லாபம். பத்தாண்டு இழுக்கும் என்றால் சேம நிதியே குறைவாக முடியலாம். வீட்டுத் தவணையைச் சாதாரணக் கணக்கிலிருந்து கட்டிவருகிறீர்களா? அப்படியானால் கல்விக்காக அதைக் காலியாக்க வேண்டாம்.

இரண்டுக்கும் முன்னால் மகனின் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கைப் பாருங்கள். பள்ளி நாட்களில் அரசாங்கம் போட்ட எடுசேவ் தொகையின் மீதம் அதில்தான் வந்து சேர்ந்திருக்கும். கட்டணத்துக்கும் பயன்படும், இந்தக் கடன்களை அடைக்கவும் பயன்படும். உடன்பிறந்தவர் கணக்கில் இருப்பதையும் பயன்படுத்தலாம். அப்படி ஒரு கணக்கு இருப்பதே பல வீடுகளில் தெரியாமல் கிடக்கிறது.

கேள்வி: எனக்கு 42 வயது. தளவாடத் துறையில் வேலை. தாதியாக மாற விரும்புகிறேன். தாமதமாகிவிட்டதா?
— வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: இல்லை. வேலை அனுபவம் உள்ள குடிமக்கள், நிரந்தரவாசிகளுக்காகவே வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டம் இருக்கிறது. கட்டணத்தைத் திட்டமே ஏற்கும், மாதப் பயிற்சிப்படி உண்டு, முடித்தபின் ஆதரவளித்த நிறுவனத்தில் பாண்டு. ஏற்கெனவே ஏதாவதொரு துறையில் பட்டம் இருந்தால் தாதிமைப் பட்டத்தைக் குறுகிய காலத்தில் முடிக்கும் வழியைக் கேளுங்கள், இல்லையென்றால் இரண்டாண்டுப் பட்டய வழி. நேர்காணலில் அவர்கள் தேடுவது, மாறி மாறி வரும் பணிநேரத்தையும் உடல் உழைப்பையும் நீங்கள் உண்மையாகவே அறிந்திருக்கிறீர்களா என்பதை. போகும் முன் ஒரு சமூக மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ சில வாரம் தொண்டூழியம் செய்யுங்கள். நேர்காணலுக்கு உதவும் என்பது ஒருபுறம், இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று அங்கேதான் தெரியும்.

இந்தத் திட்டத்தில் இடம் கிடைக்காவிட்டால், 40 வயதை எட்டிய குடிமக்களுக்கு 2024 மே மாதம் கொடுக்கப்பட்ட 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை உங்கள் கணக்கில் இருக்கும். தகுதிபெறும் முழுநேரப் படிப்பு என்றால் பயிற்சிப்படியும் கேட்கலாம். கடந்த 12 மாதச் சராசரி வருமானத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளிக்கு மேற்படாமல், அதிகபட்சம் 24 மாதம். நீங்கள் சேரும் படிப்பு பட்டியலில் உள்ளதா என்று பார்த்தபிறகே வேலையிலிருந்து விலகல் கடிதம் கொடுங்கள்.

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று இணையத்தில் முழுக்க முழுக்கத் தாதிமைப் பட்டம் தருகிறது. இங்கே எல்லாவற்றையும்விட மலிவு. சேரலாமா?
— வாசகி, பொங்கோல்

பதில்: அந்த வகைப் படிப்புகள் அங்கு ஏற்கெனவே உரிமம் பெற்ற தாதியர் பட்டமாக உயர்த்திக்கொள்வதற்காக அமைக்கப்பட்டவை. சேர்க்கைக்கே அமெரிக்க மாநிலம் ஒன்றின் உரிமம் கேட்கும் பல்கலைக்கழகங்கள் பல. நீங்கள் தாதி இல்லையென்றால், வார்டில் கால் வைக்காமல் முடிக்கும் எந்தப் பட்டமும் இங்கே உங்களைத் தாதியாக்காது. தாதி என்றால், இரண்டாம் பதிலில் சொன்னதுபோல் உங்கள் மருத்துவமனை அதை ஏற்குமா என்ற பதில் எழுத்தில் வந்தபிறகு முடிவெடுங்கள்.

கேள்வி: திருச்சியில் அக்காள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அங்கே பி.எஸ்சி. நர்சிங் முடித்து இங்கே வேலைக்கு வர ஆசை. எந்தக் கல்லூரியைப் பார்ப்பது?
— வாசகர், லிட்டில் இந்தியா

பதில்: தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் கட்டணத்துக்குப் பக்கத்தில் எதுவும் வராது. அந்த இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையிலான கலந்தாய்வில் நிரம்பிவிடும், ஆகவே இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்ணில்தான் இப்போது முழுக் கவனமும் இருக்க வேண்டும். தனியார் கல்லூரி என்றால் மூன்று அங்கீகாரங்களைத் தனித்தனியே சரிபாருங்கள்: இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு. நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருந்தால் கடைசியது பொருந்தாது. கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அதன் கட்டில்களில் நோயாளிகள் உண்மையிலேயே இருக்கிறார்களா என்று அக்காள் ஒரு வேலைநாளில் நேரில் போய்ப் பார்க்கட்டும். நோயாளிகள் இல்லாத மருத்துவமனையில் நான்கு ஆண்டு பயின்றவர் தேர்வில் தப்பினாலும் வார்டில் தடுமாறுவார்.

சிங்கப்பூருக்கு வர, படிப்பு முடிந்து அங்கே பதிவுபெற்று வேலை அனுபவமும் சேர்த்துக்கொள்வது நல்லது. இங்கே தானாக விண்ணப்பிக்க முடியாது. வேலைக்கு எடுக்கும் மருத்துவமனையோ பராமரிப்பு இல்லமோ தாதியர் வாரியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், வாரியத்தின் உரிமத் தேர்விலும் தேற வேண்டும். மதிப்பெண் பட்டியல், பயிற்சி நேரங்களின் விவரம், கவுன்சில் சான்று ஆகியவற்றைக் கல்லூரியை விட்டுக் கிளம்பும்போதே முத்திரையோடு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஐந்து ஆண்டு கழித்துக் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

‘பதிவும் வேலையும் உறுதி’ என்று சொல்லி முன்பணம் கேட்கும் முகவரிடம் போக வேண்டாம். பதிவை உறுதியளிக்க எந்த முகவராலும் முடியாது. இங்கு உரிமம் பெற்ற வேலைவாய்ப்பு நிறுவனம் ஊழியரிடம் வாங்கக்கூடிய கட்டணம், ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. நிறுவனத்தின் உரிம எண்ணை வாங்கி மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் நீங்களே இங்கிருந்து சரிபார்த்துச் சொல்லலாம்.